ஓடும் மிஷினுக்கு வைத்தியர்

மனிதர்களில் ஒரு தனி இனம் உண்டு. மிஷினை நிறுத்தாமலே ரிப்பேர் பார்க்கும் இனம். எண்ணெய் விடுவதும் ஓடும்போது, திருகு முடுக்குவதும் ஓடும்போது, சிக்கிய உமியைக் கையால் தள்ளுவதும் ஓடும்போதுதான். நிறுத்திவிட்டுப் பார்ப்பது இவர்களுக்கு மானக்கேடு. நிறுத்திவிட்டால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

பூந்தமல்லி நெல் மிஷினில் பிட்டராக இருக்கும் எத்திராஜ் இந்த இனத்தில் முதல் தரம். அவருக்கு இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. ஓடும் மிஷினில் அது போன விதத்தை வெட்கப்பட்டு மறைப்பார் என்றா நினைக்கிறீர்கள்? வெள்ளைக்காரத் துரை மெடல் குத்திவிட்டதைப் போல, நெல் கொண்டுவருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கையைத்தான் முதலில் நீட்டுவார்.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த எண்ணெய் எஞ்சினை ஒரு தரம் அணைத்துவிட்டால், ஊது விளக்கை வைத்து அதன் தலை சிவக்கச் சிவக்கச் சூடேற்றி, இரண்டு பேர் சக்கரத்தைத் தள்ளி, மூன்று பேர் திட்டி, அப்புறம்தான் அது இருமவே ஆரம்பிக்கும்.

போன கார்த்திகையில் ஒரு காலை, பெல்ட் வழுக்கியது. எத்திராஜ், வழுக்காமல் பிடிக்கப் பெல்ட்டில் தேய்க்கும் குங்கிலியக் கட்டி கையிலிருக்க, தோளில் துண்டு தொங்க, ஓடும் பெல்ட்டின் மேல் குனிந்தார். எஞ்சின் ஓட்டும் பஷீருதீன், எஞ்சினுக்கு எண்ணெய் போகும் குழாயின் திருகில் கை வைத்தார்.

"அண்ணாத்தே, கொஞ்சம் நிறுத்திக்கிறேன்."

"அப்பால யாரு தள்றது, உன் மாமனாரா? ஓடட்டும் மாமே."

"அந்தத் துண்டையாச்சும் எடுத்து வையேன்."

"துண்டு உன்னை இன்னா பண்ணுது?"

நெல் கூடையோடு காத்திருந்த நாகம்மாளும் சேர்ந்துகொண்டாள். "நிறுத்தாத நைனா. ஊட்டுல உலை கொதிச்சிகினு கீது."

துண்டின் நுனியைப் பெல்ட் கவ்வியது. துண்டு போன வழியே வலது கையும் போனது. பஷீருதீன் எண்ணெயை அடைத்தார். அந்தப் பெரிய சக்கரம் சொன்னவுடன் நிற்கிற பிள்ளையா? ஒரு கழியை எடுத்துப் பெல்ட்டையே சக்கரத்திலிருந்து தட்டித் தள்ளினார். கை தப்பியது. இரண்டு விரல்கள் தப்பவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்த எத்திராஜ், நன்றி சொன்னார் என்கிறீர்களா?

"நீ தட்டினதாலதான் போச்சு. ஓடிகினு இருந்தா நானே உருவிகினு இருப்பேன்."

"உருவிகினு இருப்பே," என்றார் பஷீருதீன். "தோள்பட்டையோட."

நாம் மிஷினையே தொட்டதில்லை, நமக்கு இந்த இனத்தோடு சம்பந்தமில்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்க வேண்டாம். அன்று எத்திராஜின் கையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, காத்திருந்தவர்களில் ஒருவர் தம் கூடையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்து, "மிஷின் மறுபடி எப்ப ஓடும்?" என்று மெதுவாகக் கேட்டார். முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. ஏறக்குறைய உங்கள் ஜாடைதான்.