பால் கேன் வரிசையில் பிள்ளைகள்

சங்கரன்கோவிலில் ஒரு பிள்ளை சனிக்கிழமை காலையில் தான் போகவேண்டிய வகுப்புக்கே சரியாகப் போய் இறங்கிவிட்டால், அன்றைக்குப் பால்கார அண்ணாச்சிக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். இதை நான் எந்தச் சபையில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கும் யாருடைய பெயரும் தெரியாது. பின்பக்கம் திறந்த பெரிய ஆட்டோ ஒன்று வைத்திருக்கிறார். விடியுமுன் பனவடலிசத்திரம் பக்கமிருந்து பால் கேன்களை ஏற்றி வந்து, வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் ஊற்றுவார். எட்டு மணிக்குள் பால் தீர்ந்துவிடும். சனி, ஞாயிறு என்றால் கேன்கள் இருந்த அதே பலகைகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சிலம்பம், ஓவியம், செஸ், பரதம் என்று வகுப்பு வகுப்பாக இறக்குவார்.

நான் துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவன். ஊரே ஓய்வெடுக்கும் நாளில்தான் எங்கள் கடையில் கூட்டம் நெரியும். அதனால் என் மகள் கோமதியைச் சிலம்பத்துக்கும், மகன் சங்கரைச் செஸ்ஸுக்கும் கொண்டுபோய் விடும் பொறுப்பை அண்ணாச்சியிடம் கொடுத்தோம். என் மனைவி ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினாள். எந்த நாள், எந்த வகுப்பு, எத்தனை மணி, யார் யார் என்று நான்கு நிறத்தில் எழுதியிருந்தாள். அதைப் பார்த்தபோது வாழ்க்கையில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. அந்த நிம்மதி ஒரு வாரம் இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை சங்கர் நெற்றியில் புடைப்போடு வந்தான். நான் அட்டவணையைப் பார்த்தேன். செஸ் என்றுதான் போட்டிருந்தது.

“செஸ்ல எப்படில நெத்தி வீங்கும்?” என்றேன்.

“குதிரை உதைச்சுட்டுப்பா” என்றான் அவன்.

எனக்குச் செஸ் தெரியாது. பத்தாம் வகுப்போடு நின்றவன். இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். கோமதி சிரித்த சிரிப்பில்தான் விஷயம் வெளியே வந்தது. அன்றைக்குச் செஸ் மாஸ்டருக்கு எதிரே கோமதி உட்கார்ந்திருக்கிறாள். சிலம்பக் களத்தில் சங்கர் அடி வாங்கியிருக்கிறான். எங்கள் தெருவில் பரதம் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி, காலில் சலங்கையோடு கராத்தே வகுப்பில் இறங்கியிருக்கிறாள். அவள் உதைத்த ஒவ்வொரு உதையும் சத்தமாகக் கேட்டதில் கராத்தே மாஸ்டருக்கு ரொம்ப சந்தோஷமாம்.

மறுநாள் தேரடியில் அண்ணாச்சியைப் பிடித்தேன். இத்தனைக்கும் காரணம் என்ன என்று கேட்டேன். அவர் முறை மிகவும் எளிமையானது. ஆட்டோவில் மூன்று வரிசைப் பலகை. எந்த வரிசையில் இருக்கும் கேன் எந்தக் கடைக்கு என்பது அவர் கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியவேண்டியதில்லை. பிள்ளைகளையும் அப்படியே வரிசை பார்த்துத்தான் இறக்குகிறார். ஜன்னல் காற்றுக்காகப் பிள்ளைகள் இடம் மாறிக்கொண்டால், வகுப்பும் மாறிவிடும்.

“பேரைக் கேட்டு இறக்குனா என்ன அண்ணாச்சி?”

“முப்பது வருசமா பால் ஊத்துதேன் தம்பி. ஒரு கேனுக்காவது பேரு வச்சிருக்கனா?”

“பிள்ளைக வாயத் தொறந்து சொல்லுதே, இது என் கிளாஸ் இல்லன்னு?”

அதற்கும் அவரிடம் கதை இருந்தது. ஆரம்பத்தில் ஒரு பையன் ஓவிய வகுப்பு வாசலில் நின்றுகொண்டு, தனக்கு அங்கே வகுப்பே இல்லை என்று அழுதிருக்கிறான். இவரும் நம்பி, ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அவன் அம்மா தெருவில் நின்று கொடுத்த பேச்சு அவருக்கு ஆறு மாதத்துக்குப் போதுமானதாக இருந்ததாம். அன்றிலிருந்து ஆட்டோவுக்குள் எந்தப் பிள்ளை என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

“ஒண்ணாம் வரிசை சிலம்பம், ரெண்டாம் வரிசை ஓவியம், மூணாம் வரிசை செஸ். பரதமும் கராத்தேயும் அடுத்த நடை. இடத்துல உக்காரச் சொல்லும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்” என்று முடித்துவிட்டார்.

பிள்ளைகளும் கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பல மாதம் எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகவே நடந்தது. நான் காலையிலேயே கடைக்குப் போய்விடுவதால், அவர்கள் ஏறுவதை ஒருநாளும் பார்த்ததில்லை.

அண்ணாச்சியிடம் இன்னும் மூன்று பழக்கங்கள் உண்டு. ஆட்டோ இருபதுக்கு மேல் போகாது. போனால் பால் தளும்புமாம். காலி கேனோடு போகும்போதும் இருபதுதான். மாடுகள் அவரை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்க்கும். போன வழியில் வண்டியைத் திருப்பவும் மாட்டார். கைக்குட்டை பறந்துபோனாலும் மறுநாள் அந்தப் பக்கம் வரும்போது எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது பழக்கம் இன்னும் குழப்பமானது. ஒவ்வொரு பிள்ளையையும் இறக்கும்போது, கேன் மூடியைத் தட்டுவதுபோல விரல் முட்டியால் தலையில் லேசாக ஒரு தட்டு. தட்டிவிட்டு, “நெறைஞ்சது” என்பார், அல்லது “காலி” என்பார். காலையில் சாப்பிட்டாயா இல்லையா என்பதுதான் கணக்கு. தலையில் தட்டினால் வயிறு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் ஒருநாளும் தப்பியதில்லை. சங்கர் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் செருப்பே போடுவான், அவன் எப்போதும் “நெறைஞ்சது”. கோமதி கம்பு சுற்றும் நாளில் ஒரு வாய் தண்ணீரோடு சரி, அவள் எப்போதும் “காலி”.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மாவட்டப் போட்டிக்குப் போகும் சிலம்பப் பிள்ளைகளை அன்றைக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்பதரைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் பெயர் கூப்பிடுவார்கள். மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் அடுத்த வருஷம்தான். கோமதி ஒரு வருஷமாக மொட்டைமாடியில் கம்பு சுற்றி, துணி காயப்போடும் கொடியை நான்கு தடவை அறுத்தவள். அதே காலையில் ஊருக்கு மறுகோடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சங்கருக்குச் செஸ் போட்டி.

இவ்வளவு முக்கியமான நாளில் தப்பு நடக்கக்கூடாது என்று நானே போய்ப் பிள்ளைகளை ஏற்றினேன். அதுதான் தப்பு.

போய்ப் பார்த்தால், கோமதி கடைசிப் பலகையில் இருக்கிறாள். சங்கர் டிரைவருக்குப் பின்னால் இருக்கிறான். ஒண்ணாம் வரிசை சிலம்பம் என்று அண்ணாச்சி படித்துப் படித்துச் சொன்னாரே! கோமதியை எழுப்பி முன்பலகையில் உட்கார வைத்தேன். சங்கரைப் பின்னால் தள்ளினேன். கோமதியின் கம்பு மட்டும் பின்பலகை ஓரத்திலேயே இருந்தது. அண்ணாச்சி முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, நாங்க எப்பவும் இப்படித்தாம்பா உக்காருவோம்” என்றாள் கோமதி.

“சும்மா இரு மக்கா. அப்பாவுக்குத் தெரியும்” என்றேன்.

ஒரு விசேஷ வீட்டுக்கான இரண்டு பால் கேன்களும் வண்டியில் இருந்தன. ஆட்டோ இருபதில் கிளம்பியது. நான் கடையில் தலையைக் காட்டி இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, பைக்கில் மைதானத்துக்குப் போனேன்.

அங்கே தன்னைவிட இரண்டு மடங்கு உயரமான கம்பைப் பிடித்துக்கொண்டு சங்கர் நின்றான்.

மைக்கில், “கோமதி” என்று முதல் தரம் கூப்பிட்டார்கள். சங்கர் கையைத் தூக்கினான். நடுவர் பட்டியலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

“ஏலே, நீயா கோமதி?”

“இல்ல சார். இது எங்க அக்கா கம்பு. கம்பு வந்துட்டு. அக்கா பின்னால வாரா.”

அண்ணாச்சிக்குப் போன் போட்டால், ஓட்டும்போது எடுக்க மாட்டார். பைக்கைத் திருப்பி மண்டபத்தை நோக்கி விரட்டினேன். ராஜபாளையம் ரோட்டில் பாதி வழி போயிருப்பேன். எதிரே ஒரு ஆட்டோ, பின்னால் ஏதோ வெள்ளையாக ஒழுக, என்னைக் கடந்து சீறிப் போனது. பைத்தியக்காரன் எவனோ ஓட்டுகிறான் என்று திட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். முன்பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தது என் மகள்.

நான் மறுபடி பைக்கைத் திருப்பி மைதானத்துக்குள் நுழைந்தபோது, மூன்றாம் தரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ நிற்கும் முன்பே கோமதி குதித்தாள். ஒரு செருப்பு ஆட்டோவில், ஒரு செருப்பு வாசலில். தம்பி கையிலிருந்து கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அவள் சுற்றிய சுற்றில் காற்று கிழியும் சத்தம் எனக்குக் கேட்டது. நான்கு பேரை எடுத்தார்கள். நாலாவது பெயர் கோமதி.

சங்கர் முதல் ஆட்டத்தைப் போகாமலே தோற்றான். அதற்காக அவன் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

அண்ணாச்சி ஆட்டோவின் பின்னால் நின்று பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கேனிலும் பாதிக்குமேல் தளும்பிக் கொட்டிவிட்டது. எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன்.

“இங்கன ஒண்ணாம் வரிசைய எறக்கித் தட்டுனேன். நெறைஞ்சிருந்துச்சு. பிள்ளைக்கு இன்னைக்கு நல்ல பசின்னு நெனைச்சேன். அங்கன மண்டபத்துல மூணாம் வரிசையத் தட்டுனேன். காலி. ஒரு கேன் தப்புனா கேன் மேல தப்பு. ரெண்டு கேனும் தப்புனா, ஏத்துனவன் மேலதான தப்பு?”

“ஒண்ணாம் வரிசைன்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னீங்க? முன்வரிசையிலதான வச்சேன்.”

அவர் என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்தார். “பால் கேன எந்தப் பக்கம் ஏத்துவாங்க தம்பி?”

பின்பக்கம்தான் ஏற்றுவார்கள். பின்வாசலை ஒட்டியிருப்பதுதான் ஒண்ணாம் வரிசை. என் பிள்ளைகளுக்கும், ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். நான் ஒருவன்தான் டிரைவர் பக்கமிருந்து எண்ணியிருக்கிறேன்.

முப்பது வருஷத்தில் வண்டியைத் திருப்பாத மனிதர் திருப்பியிருக்கிறார். விசேஷ வீட்டுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் அருகில் வந்து, விரல் முட்டியால் என் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

“காலி” என்றார். “ஏறும் வே. செஸ்ஸ மண்டபத்துல எறக்கிட்டு இட்லி திங்கப் போவோம்.”

உண்மைதான். அன்று காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அதை என்னிடம் யாரும் கேட்டிருக்கவும் இல்லை.

எந்த வரிசையில் உட்காரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பால் ஈரம் காயாத பலகையில், சங்கருக்குப் பக்கத்தில், ஏறி உட்கார்ந்துகொண்டேன்.