'இல்லை' என்று சொல்லத் தெரியாத பெட்டி

ஆரம்பாக்கம்,
19.8.2005

கர்த்தருக்குள் அன்பான ஜோஷ்வா அண்ணனுக்குத் தங்கை சோனியாவின் ஸ்தோத்திரம். இங்கு அவரும் அம்மாவும் ஒன்றரை வயது எஸ்தரும் சுகம். பெங்களூரில் உன் சுகத்துக்குத் தினமும் ஜெபிக்கிறோம். இருபது நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன், திட்டாதே. ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள், அதனால்தான் இந்த இன்லண்டு லெட்டர்.

விஷயம், நீ அனுப்பிய அந்தச் சின்ன வெப் சர்வர், ஒரு கம்ப்யூட்டர் கேட்பதை இன்னொன்று எடுத்து அனுப்பவைக்கும் புரோகிராம். எண்ணெய்க்கறைக் காகிதங்களுக்குப் பதிலாக மெஷினுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டரில் பாகங்களின் டிராயிங் தெரியவேண்டும் என்று, கும்மிடிப்பூண்டி பம்பு கம்பெனியில் எங்கள் மேனேஜர் குணசுந்தரி மேடம் என்னிடம் ஒப்படைத்தார் அல்லவா? செய்து காட்டினால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் கம்பெனிக் காப்பகத்தில் எஸ்தரை விடலாம். இப்போது அவள் நம் அம்மாவை 'அம்மா' என்கிறாள், என்னை 'அக்கா' என்கிறாள். என் அவசரம் புரிகிறதா?

உன் சர்வர் யார் என்ன கேட்டாலும் 'வணக்கம்' மட்டும்தான் சொல்லும் என்று நீ எழுதிய பக்கத்தை எஸ்தர் தின்றுவிட்டாள். அது தெரியாமல் அப்படியே போட்டுவிட்டேன். டிரில்லிங் மெஷின் முனுசாமி வந்து, "இன்னா பாப்பா, மூணு தபா கேட்டேன், மூணு தபாவும் வணக்கம் வெக்குது. மரியாதையான பொட்டிதான், வேல எப்ப செய்யும்?" என்றார். சரி என்று, கேட்ட பெயருள்ள ஃபைலை ஃபோல்டரிலிருந்து எடுத்து அனுப்பும்படி மாற்றினேன். அனுப்பியது. ஆனால் 'இது படம்' என்று சொல்லி அனுப்பவேண்டியதை 'இது எழுத்து' என்று சொல்லி அனுப்ப, திரை முழுக்கக் கோழி கிளறிய மாதிரி. முனுசாமி கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து, "தெலுங்கு போலக்குது, ஆந்திரா பக்கம் தடாலேர்ந்து வர்ற ஆளுங்கள கூப்டு" என்றார். அவர்களும் வந்து உற்றுப் பார்த்து, "இது நெல்லூர் தெலுங்கு, எங்களுக்கு வராது" என்று போய்விட்டார்கள்.

அதையும் திருத்தினேன், படம் பளிச்சென்று வந்தது. அப்புறம்தான் புத்தி கெட்டது. கேட்ட ஃபைல் ஃபோல்டரில் இல்லாவிட்டால்? உப்பு தீர்ந்தால்கூட 'வாங்கணும்' என்பாளே தவிர அம்மா என்றைக்காவது 'இல்லை' என்று சொல்லியிருக்கிறாளா? கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல், இல்லாத டிராயிங்குக்குப் பதில் முதலாவது டிராயிங்கைக் கொடுக்கும்படி எழுதிவிட்டேன். முனுசாமி 214-ஆம் நம்பர் டிராயிங்கைக் கேட்டார், பெட்டி 1-ஐக் கொடுத்தது. ஆறு துளை போடவேண்டிய பம்பு மூடிகள் நாற்பதிலும் நாலே துளை!

மேடம் ஓடி வந்தார். "இருபது வருஷமா போடுறீங்களே, ஆறுன்னு தெரியாதா?"

"தெரியும் மேடம். பொட்டி நாலுன்னுச்சு. படிச்ச பொட்டி, அதுங்கூட நமக்கு இன்னாத்துக்கு பேஜாருன்னு போட்டுக்கினே போய்ட்டேன்."

அன்றைக்கே மாற்றிவிட்டேன். இல்லாததை இப்போது 'இல்லை' என்றே சொல்கிறது. ஆனால் பதினேழு டிராயிங்குக்கு இல்லை இல்லை என்கிறதே அண்ணா! எல்லாமே ஃபோல்டரில் இருக்கு என்று டிராயிங் ரூமில் சொல்கிறார்கள், அப்படியானால் என் புரோகிராமில்தான் கோளாறு. மாசக் கடைசியில் மேடமே உட்கார்ந்து பார்ப்பாராம். அதற்குள் நீ லீவு போட்டு வந்துவிடு. நீ ஒரு பார்வை பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்பிக்கை இருக்கிறது. கர்த்தர் உன்னையும், அண்ணியையும், உன் ரயில் டிக்கெட்டையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புத் தங்கை,
சோனியா

பி.கு. (சனிக்கிழமை): டிக்கெட் எடுத்திருந்தால் கேன்சல் செய். மேடம் பொறுக்கமாட்டாமல் இன்றே வந்து 214 கேட்டார். 'இல்லை' என்றது. டிராயிங் ரூமில் கேட்டால், "இருக்கு மேடம்" என்றார்கள். தேடினார்கள். இரண்டு வருஷமாகவே இல்லையாம்! அந்தப் பதினேழுமே இல்லை! மெஷின் கதவில் முனுசாமி சாக்பீஸால் கிறுக்கி வைத்த அளவுகளைப் பார்த்துத்தான் வேலை ஓடியிருக்கிறது. "இத்தனை நாளா எல்லாரும் இருக்கு இருக்குன்னீங்க. உண்மையைச் சொன்னது இது ஒண்ணுதான்" என்று மேடம் எல்லோரையும் பிடித்துத் திட்டிவிட்டு, என் வேலையை நிரந்தரம் செய்து கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கள்கிழமை எஸ்தரும் என்னோடு ரயிலேறுகிறாள். காப்பகத்தில் மத்தியானம் ரசம் சாதமாம், இவளோ ரசத்தைக் கண்டாலே துப்புவாள். அதற்கு என்ன செய்யலாம் என்று மட்டும் உடனே எழுது.