எலுமிச்சம்பழம் விண்வெளிக்குப் போன கதை

ஒரு காட்டில் வைரவன் என்றொரு முள்ளம்பன்றி, பெரிய ராக்கெட் செய்ய வக்கில்லாத ஒரே காரணத்தால் மலிவு ராக்கெட் நிபுணன் ஆகியிருந்தான். உடம்புக்கு மூங்கில், மூக்குக்குத் தகர மூடி, ஆணிக்குத் தன் முதுகு முள். "பெரிய ராக்கெட் யானையைத் தூக்கும், என்னுடையது அரைக் கிலோவைத் தூக்கும். எனக்குத் தெரிஞ்ச விஞ்ஞானம் அவ்வளவுதான்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

அந்த அரைக் கிலோவுக்கும் ஆள் வந்தாள், தூக்கணாங்குருவி செங்கமலம். போன கோடையில் காட்டுத்தீயில் கூட்டோடு முட்டைகளைப் பறிகொடுத்தவள். புகையைக் கண்டதும் "தீ! தீ!" என்று கத்தும் குட்டி விண்கலம் ஒன்றைத் தானே செய்திருந்தாள். பதினேழு படிவம் நிரப்பி, ஆமை குமாஸ்தாவின் வரிசையில் ஒன்பது நாள் நின்று அனுமதியும் வாங்கிவிட்டாள்.

"அண்ணே, கோடைக்குள்ள ஏத்திருவீங்களா? மறுபடியும் முட்டை வச்சிருக்கேன்."

"கவலைப்படாத தங்கச்சி. உன் கலம் சரியா அரைக் கிலோ. இதுக்கு மேல ஒரு குண்டுமணிகூட ஏத்த மாட்டேன்."

ஏவும் நாள் வந்தது. புது வண்டியைப் பூசை போடாமல் கிளப்ப விடுவார்களா? சந்தனம் பூசினார்கள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார்கள். காட்டுத் தலைவர் கரடியார் மாலை போட்டார், கையோடு தன் படத்தையும் ஒட்டினார். வைரவன் மட்டும் சும்மா இருந்தானா என்ன! 'உருவாக்கம்: வைரவன்' என்று ஒரு பித்தளைப் பலகையை முந்தின நாளே திருகி வைத்திருந்தான்.

ஏற்றிய சுமையை எடை போட்டால் ஒரு கிலோ! வைரவனுக்கு வியர்த்துக் கொட்டியது. பாதியை இறக்கியாக வேண்டும். மாலையைக் கழற்றினால் தலைவர் முறைப்பார். எலுமிச்சையைத் தொட்டால் அபசகுனம் என்று கூட்டமே அடிக்க வரும். பலகையைக் கழற்றலாம்தான், ஆனால் மாமனார் வீட்டிலிருந்து எல்லோரும் பார்க்க வந்திருக்கிறார்களே!

சுற்றிப் பார்த்தான். அங்கே கோபித்துக்கொள்ளத் தெரியாத ஒரே ஆள் செங்கமலம். அவளோ கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கலத்தை நைசாக உருவி முதுகு முள்ளுக்குள் செருகிக்கொண்டான். 'நீயெல்லாம் ஒரு விஞ்ஞானி, தூ!' என்று தன்னையே திட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

ராக்கெட் அம்சமாகக் கிளம்பியது. கைதட்டல் காதைப் பிளந்தது.

"அண்ணே, என் கலம் தெரியுதா?"

"தெரியுது தங்கச்சி. ரொம்பப் பக்கத்துலயே தெரியுது."

சொல்லி வாய் மூடவில்லை, ராக்கெட் கக்கிய பொறியில் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. வைரவனின் முதுகு "தீ! தீ!" என்று அலறியது. எல்லோரும் ஓடிப்போய், செங்கமலத்தின் கூடு தொங்கிய பனைமரத்தை எட்டுவதற்குள் நெருப்பை அணைத்துவிட்டார்கள். அப்புறம்தான் அத்தனை கண்ணும் அவன் முதுகுப் பக்கம் திரும்பியது.

வைரவனுக்கு வெட்கத்தில் முள்ளெல்லாம் படுத்துவிட்டது. கரடியார் தொண்டையைச் செருமினார்.

"பார்த்தீர்களா? மேலே போகாமலே வேலை செய்யும் விண்கலம்! இதைவிட மலிவு உலகத்தில் உண்டா?"

அங்கேயே வைரவனுக்கு விருதும் அறிவித்துவிட்டார். வைரவன் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான், நன்றி என்றுதான் வந்தது.

செங்கமலம் முள்ளுக்குள்ளிருந்து கலத்தை இழுத்தெடுத்து, சொந்தக்காரக் குருவிகளைக் கூட்டித் தூக்கிக்கொண்டு போய், பனையுச்சியில் தானே கட்டிக்கொண்டாள். எலுமிச்சம்பழம் மட்டும் வைரவனின் பெயரோடு இன்னும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நீதி: பாரம் கூடிவிட்டால், கோபித்துக்கொள்ளத் தெரியாதவருடையதை இறக்கிவிடு, உன் பெயர்ப்பலகையில் மட்டும் கை வைத்துவிடாதே.