கியூசி அண்ணன் பாஸ் போட்ட பகடை

உலகத்தில் மந்திரவாதிகள் எத்தனையோ பேர் இருந்திருக்கலாம். மந்திரத்துக்கு செக் ஷீட் போட்டவர் ஒரகடத்தில், வல்லம் வடகால் பக்கம் எங்கள் ஹாஸ்டலில் இருந்த கியூசி அண்ணன் ஒருவர்தான். ஃபேக்டரியில் அவருக்கு குவாலிட்டி செக்கிங் வேலை. சாம்பாரைக்கூடக் கரண்டியோடு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வார்.

ஞாயிறு மதியம் மொட்டை மாடியில், தண்ணீர் டாங்கி நிழலில், ஐந்து பேர் கதை விளையாட்டு ஆடுவோம். கதை சொல்வது நான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். நினைத்த காரியம் நடந்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும். அண்ணன் மந்திரவாதி. சங்கரன்கோவில்காரன் முத்துவுக்கு வைத்தியன் பாத்திரம். அந்த வைத்தியனை ஒரு ஞாயிறு கதையில் வந்த டிராகன் விழுங்கிவிட்டது.

முத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மாதத்தோடு அவனுக்கு கான்ட்ராக்ட் முடிகிறது.

"செத்தவனாவே ஊருக்குப் போவணுமாண்ணே?" என்றான்.

"இன்னாபா பேசுற? நான் கீறேன்ல. எழுப்பிடலாம்," என்றார் அண்ணன்.

செத்தவனை எழுப்பும் சடங்கு லேசுப்பட்டதல்ல. ஏழு விளக்கு ஏற்ற வேண்டும், முடியும்வரை ஒருவரும் வட்டத்தைவிட்டு எழக்கூடாது, கடைசியில் பகடை பதினைந்தைத் தாண்ட வேண்டும் என்று விதி சொன்னேன். அண்ணன் ஒரு வாரம் உட்கார்ந்து அதை அசெம்பிளி லைனாகவே வரைந்துவிட்டார். விளக்குக்குப் பதில் சோடா மூடிகள். வட்டத்தை ஃபேக்டரி வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார்.

"ரெண்டு மில்லி தள்ளி கீது. ரிஜெக்ட்." மூடிக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டினார். பாயில் சாய்ந்து நின்ற என் பகடைக்கும் அதே கதிதான். "சாஞ்ச பகடை செல்லாது. திருப்பிப் போடு."

ஏழாவது விளக்கு ஏறும்போது வெயில் தணிந்திருந்தது. தூரத்துப் புகைபோக்கியின் வெள்ளைப் புகை மேகத்தோடு சேர்ந்துகொண்டது. கீழே டிரெய்லர் லாரிகள் சத்தமில்லாமல் மிதந்து போவதுபோல இருந்தது. எது கதை, எது ஒரகடம் என்று கொஞ்ச நேரம் எனக்கே தெரியவில்லை.

அப்போது பக்கத்து ஃபேக்டரியில் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. பழக்கதோஷத்தில் ஐந்து பேரும் படக்கென்று எழுந்து செருப்பைத் தேடினோம். செத்துப்போன முத்துகூட எழுந்துவிட்டான். சடங்கு கலைந்தது.

அடுத்த ஞாயிறுதான் முத்துவுக்குக் கடைசி நாள். சாயங்காலம் பஸ். பையைக் கட்டிப் பக்கத்திலேயே வைத்திருந்தான். அண்ணன் ஆளுக்கு ஒரு ஜோடி இயர் பிளக் கொடுத்தார். இரைச்சல் காதைப் பிளக்கும் பிரஸ் ஷாப்பில் பேசிக்கொள்வதைப்போல வெறும் கைஜாடையில் சடங்கு நடந்தது. சங்கு ஊதியிருக்கும், யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு அமைதியாக ஒரு மந்திரத்தை எங்கேயும் செய்திருக்க மாட்டார்கள்.

அண்ணன் பகடையை வீசினார். அது உருண்டு போய்த் தரை வெடிப்பில் சாய்ந்து நின்றது. பாதி பதினெட்டு, பாதி நாலு.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக் குப்புறப் படுத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி முத்துவைப் பார்த்தார். அவன் பையின் வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பச்சைச் சீட்டை எடுத்து, 'ஓகே' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பகடைக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

நான் ஆட்சேபித்திருக்க வேண்டும். "வைத்தியன் கண்ணைத் திறந்தான்," என்றேன். முத்துவுக்குக் கேட்கவில்லை. அண்ணன்தான் அவன் காதிலிருந்து பிளக்கை மெதுவாக உருவினார்.

"பொழச்சிக்கினபா. கெளம்பு, பஸ்ஸுக்கு லேட்டாவுது."

தெரிந்தே ஒரு டிஃபெக்டைப் பாஸ் போட்ட உறுத்தலில் அண்ணன் அந்த வாரம் முழுக்க சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பச்சைச் சீட்டை நான் உரித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.