கிழங்கு பிடுங்கும் மாதத்தில் வந்த விதி

சென்னையில் ஆலைக் கழிவுநீருக்கு விதி எழுதும் குழுவில் இருக்கும் மாப்பிள்ளை சந்திரமோகன் அவர்களுக்கு, இண்டூரிலிருந்து மாமனார் மாதவராஜ் எழுதுவது. நீங்களும் கலைமதியும் சுகமாக இருக்க முருகன் துணை. இங்கு நானும் உங்கள் அத்தை கண்ணம்மாளும் மாடுகளும் சௌக்கியம். மரவள்ளிக் கிழங்கு மட்டும் சௌக்கியமாக இல்லை.

ஓடைக்கரையில் நம் கிழங்கை வாங்கி அரைத்துப் பூவரசன் நடத்தும் ஜவ்வரிசி ஆலையின் தண்ணீர் நாறுகிறது, சோற்றுத் தட்டு முன்னால் உட்கார முடியவில்லை என்று போன வருஷம் உங்களிடம் சொன்னது நான்தான். நீங்களும் விதியைக் கடுமையாக்கிவிட்டீர்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் அதைத் தை மாதத்திலா கொண்டுவருவார்கள்? அதுதானே இங்கே கிழங்கு பிடுங்கும் காலம்! சுத்திகரிப்புத் தொட்டி கட்டும்வரை ஆலை ஓடக்கூடாது என்றதும் பூவரசன் பூட்டைப் போட்டுவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பிடுங்கினால் கிழங்கு ஓரிரு நாளில் கறுத்துவிடும், விட்டுவைத்தால் நார் பாய்ந்துவிடும். சரி, சேலம் பக்கத்து ஆலைக்கு அனுப்புவோம் என்று லாரியில் ஏற்றினால் அது தொப்பூர் கணவாய் நெரிசலில் நின்று நின்று போய்ச் சேர, அந்த ஆலைக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஆலை எதுக்குங்க, குழி போதும்" என்றாராம். கிழங்கைப் பிழிந்தபின் மிஞ்சும் திப்பியும் இப்போது கிடைப்பதில்லை, அதைத் தின்று வளர்ந்த நம் மாடுகள் பாலைக் குறைத்துவிட்டன, பால் குறைந்ததில் மாதேஷ் கடையில் டீ என்று ஊற்றுவதைப் பார்த்தால் அதற்கும் நீங்கள் ஒரு விதி எழுதுவீர்கள்.

இன்னொன்று. ஆலைத் தண்ணீரோடு ஓடையில் மருந்தும் கலந்து வருகிறதே, அது ஏன்? ஜவ்வரிசியை வெளுக்கத்தான். வடக்கே விரத நாளில் சோற்றை விட்டு ஜவ்வரிசி சமைக்கும் அம்மாக்களுக்கு அது பழுப்பாக இருந்தால் பிடிக்காதாம். அவர்கள் பட்டினி கிடந்து புண்ணியம் சேர்க்க, நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிடக்கிறோம். விதி எழுதும்போது ஆலை வாசலோடு நிற்காமல் எங்கள் வயலையும் அந்த அம்மாக்களின் அடுப்படியையும் ஒரு எட்டுப் பார்க்கக் கூடாதா? ஆடியில் ஆலை எப்படியும் சும்மாதான் கிடக்கும், அப்போது தொட்டி கட்டச் சொன்னால் யார் வேண்டாம் என்றார்கள்? "படிச்சவங்க வூட்ல காலண்டர் இருக்காதா?" என்று கேட்கிறாள். நான் கேட்கவில்லை, அத்தைதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. ஒரு வருஷப் பாடு மண்ணுக்குள்ளேயே முற்றிக்கொண்டிருக்கிறது. எப்படியாவது விதியை ஆடிவரை தள்ளிவையுங்கள்.

உங்கள் பதவி உயரவும் கலைமதியின் முட்டிவலி தீரவும் வேண்டிக்கொள்ளும்,
மாதவராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பூவரசன் வந்தார். "தொட்டியெல்லாம் அப்பறங்க, நாளைக்கே ஆலைய ஓட்டறேன். ஓடையிலதான தண்ணி விடக்கூடாது? ஒங்க கெணத்துப் பக்கம் வாய்க்காலத் திருப்பிட்டேங்க" என்கிறார். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். விதியை இன்னும் கடுமையாக்குங்கள், அதிகாரியை உடனே அனுப்புங்கள். இதை எழுதும்போதே அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருங்க, மொதல்ல நம்ம கெழங்கு ஆலைக்குள்ள போவட்டும்" என்கிறாள். அதுவும் சரிதான். அதிகாரி வியாழக்கிழமை வந்தால் போதும்.