நாலு அங்குலம் குறைந்த மேஜை

அன்பும் கொஞ்சம் அச்சமும் கலந்த வணக்கத்துடன் அக்காவுக்குத் தங்கை எழுதுவது. இங்கே நான் நலம், இவர் நலம். உன் சாப்பாட்டு மேஜையும் நலம் என்று நேற்று இரவிலிருந்து தைரியமாகச் சொல்ல முடிகிறது. அங்கே அத்தான், புது வீடு, உன் கால்வலி எல்லாம் எப்படி இருக்கின்றன?

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு உன் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனேன். அதுதான் இன்றைக்கு என் முதல் வேலை. நாலு கால்களையும் அளந்தேன். பிறகு அங்கேயே மல்லாந்து படுத்து, மேஜையின் அடிப்பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். ஏன் என்று போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன். கடிதத்தில்தான் நீ குறுக்கே வர முடியாது. அதனால் நூலகத்தில், மாணவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், புத்தகம் திரும்ப வாங்கும் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் மாப்பிள்ளைக்கு, அதுதான் இவருக்கு, யோ-யோ பித்து பிடித்த கதை உனக்குத் தெரியும். பழைய சாமான் கடையில் மரத்தில் செய்த ஒன்றை வாங்கி வந்தார். அது தனியாக இருக்கிறதே என்று இன்னொன்று வந்தது. இப்போது இவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் இருக்க வேண்டிய இழுப்பறைகளில் பாதி யோ-யோதான். சேகரிப்பதோடு நின்றிருந்தால் நானும் போகட்டும் என்று விட்டிருப்பேன், செய்யவும் ஆரம்பித்தார். யோ-யோ என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, இரண்டு மர வட்டுகள், நடுவில் சின்ன அச்சு, அதில் ஒரு நூல், அவ்வளவுதான். ஆனால் இரண்டு வட்டும் ஒரே எடையில் இல்லாவிட்டால் கோணிக்கொண்டு போய் நூலில் சிக்கும், அல்லது நூலை அறுத்துக்கொண்டு பறக்கும். அப்படிப் பறந்த ஒன்று கடையில் கண் பரிசோதிக்கும் பலகையில் முதல் எழுத்தைப் பெயர்த்துவிட்டது. அந்த வாரம் வந்தவர்களில் முதல் எழுத்தையே படிக்க முடியாதவர்கள் பெருகிப்போனார்கள். இவரும் கவலையோடு கனமான கண்ணாடியாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இனி உன் மேஜை. நீ இங்கே விட்டுப்போன நாளிலிருந்தே அதற்கு ஒரு கால் நீளம், சாப்பிடும்போது ஆடும். மற்ற மூன்றுக்கும் அடியில் அட்டை மடித்து வைத்திருந்தோம். ஒரு விடுமுறை நாளில், அட்டை எதற்கு, துளி அறுத்தால் போச்சு என்று ரம்பத்தோடு உட்கார்ந்தவர், துளிக்குப் பதில் கட்டைவிரல் தடிமனுக்கு அறுத்துவிட்டார். நீளமாக இருந்த கால் குட்டையாகிவிட்டது. அதற்குச் சமமாக மற்ற மூன்றையும் அறுக்க வேண்டியதாயிற்று. தரையில் நாலு வட்டுகள் விழுந்தன, அக்கா. நன்றாகக் காய்ந்த மரம், ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே எடை. இவர் அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்த பார்வையைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அச்சு வைத்து ஒட்டி, நூல் சுற்றிக் கீழே விட்டார். அது நூல் நுனியில் நின்று ‘உம்’ என்று சுழன்றது. விரலை லேசாகச் சுண்டியதும் மேலே ஏறி அவர் கைக்கே வந்தது. அந்த நிமிஷம் ரம்பத்தைப் பிடுங்கிப் பரணில் போட்டிருக்க வேண்டியவள் நான். செய்யவில்லை. ஒரு பொருள் போய்விட்டுத் தானாகத் திரும்பி வருவதை, நூலகத்தில் வேலை பார்க்கிற நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அடுத்த விடுமுறையில் மேஜை மறுபடியும் ஆடுகிறது என்றார். தண்ணீர் டம்ளரை வைத்துக் காட்டினார். ஆடியது என்னவோ டம்ளரைப் பிடித்திருந்த அவர் விரல்தான். இப்படியே சில விடுமுறைகள் போயின. பக்கத்து வீட்டு டீச்சர் ஒருநாள் மேஜை பக்கத்தில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்து, “நீங்க ஏதாவது உயரமாயிட்டீங்களா?” என்று கேட்டார்.

இந்த நிலையில்தான் நீ போன் செய்து, வெள்ளிக்கிழமை லாரி வரும், மேஜையை ஏற்றிவிடு என்றாய். உன் தையல் மெஷினைத் திருப்பித் தந்தபோது பாபின் ஒன்று குறைந்ததற்கு நீ எத்தனை மாதம் என்னோடு பேசவில்லை என்று நினைத்துப் பார். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, “அவளைக் காபி குடிக்கச் சொல்லுங்க” என்று அத்தானிடம் சொன்னவள் நீ. ஒரு பாபினுக்கே அப்படியென்றால் நாலு கால்களுக்கு? எனக்கு இருப்பது ஒரே அக்கா.

நேற்று இரவு அத்தான் பேசினார். “உயரமான நாற்காலியில உட்கார்ந்தா உங்க அக்காவுக்குக் கால் தரையில எட்டலம்மா, தொங்கித் தொங்கி மரத்துப்போகுது. தாழ்வா நாற்காலி வாங்கியாச்சு. மேஜை வந்ததும் நாலு அங்குலம் அறுக்கணும், தச்சுவேலைக்குத்தான் ஆள் கிடைக்கல” என்றார். நான் அவசரமாகப் போனை வைத்துவிட்டுத் தையல் டேப்பைத் தேடி எடுத்து வைத்தேன். காலையில் அளந்தால், மேல் விளிம்பில் பழைய உயரம் எழுதியிருந்ததே, அதிலிருந்து சொல்லி வைத்தாற்போல் நாலே நாலு அங்குலம் குறைவு. படுத்துச் சிரித்தேன் என்றேனே, அது இதற்குத்தான். ஆகவே அக்கா, நீ தச்சரைத் தேட வேண்டாம். உனக்கு வேண்டிய உயரத்தில், உப்புத்தாள் போட்டு வழுவழுவென்று வருகிறது. கோபப்பட இதில் ஒன்றும் இல்லை என்றே நம்புகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் கால் சீக்கிரம் தரையில் பதிந்து நிம்மதியாக இருக்கட்டும்.

உன் தங்கை

பின்குறிப்பு: இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். கதவைத் திறந்தால் இவர் புருவமெல்லாம் மரத்தூளோடு நிற்கிறார். மத்தியானம் அத்தான் இவர் கடைக்குப் போன் செய்து, தச்சர் எதற்கு, நீங்களே நாலு அங்குலம் எடுத்துவிடுங்களேன் என்று கேட்டாராம்.

“எடுத்துட்டேன்” என்றார் இவர்.

“ஏற்கெனவே நாலு அங்குலம் எடுத்தாச்சே.”

“அது நாமளா எடுத்தது. இது அவங்க சொல்லி எடுத்தது. ரெண்டையும் எப்படி ஒண்ணாச் சேர்க்கிறது?”

மேஜை இப்போது என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பயம் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சிரிப்புதான் வந்தது. அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. வெள்ளிக்கிழமை லாரியில் டிரைவர் பக்கத்தில் இந்தக் கடிதத்தோடு நானும் ஏறி வருகிறேன். இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நீ பேசாமல் இருப்பதென்றால், இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இரு.