காசுக்குப் பின்பக்கத்து மகாராணி

பெண்டாட்டிக்குப் பேய்ப்பயம் காட்டிவிடுவது என்று விஜயபாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தான். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் அவன் ஷிப்ட் சூப்பர்வைசர். நாற்பது தறியை மிரட்டி ஓட்டுகிறவனுக்கு ஒரு ஆனந்தவல்லி எம்மாத்திரம்?

விஷயம் இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஆனந்தவல்லியின் அம்மா வீட்டில் குடிதண்ணீர்க் குழாய்க்குக் குழி தோண்டினார்கள். தங்கக் காசு ஒன்று கிடைத்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவள், "புதையல்னா சர்க்காருக்குத்தான். தாலுகா ஆபீஸ்ல குடுத்துருவோம்" என்றாள். விஜயபாண்டிக்கு அதில் சம்மதமில்லை. பத்து வருஷமாகப் பழைய காசு சேர்க்கிறான். அத்தனையும் செம்பு, ஈயம். தங்கம் இப்போதுதான் வாசலேறி வந்திருக்கிறது.

லென்ஸை வைத்து அரைமணி நேரம் பார்த்தான். முன்பக்கம் இலைமாலை சூடிய ஒரு தலை. சுற்றியிருந்த எழுத்தைக் கூட்டிப் படித்ததில் திபேரியஸ் சீசர் என்று தெரிந்தது. கன்னத்தில் உளியால் வெட்டிய ஆழமான கோடு. பின்பக்கம் நாற்காலியில் ஒரு பெண். ஒரு கையில் இலைக்கொப்பு, மறுகையில் ஆள் உயரக் கம்பு.

"ஏட்டி, இது ரோமாபுரி ராஜா. ரெண்டாயிரம் வருசம் இருக்கும்." குரலைத் தணித்துக்கொண்டான். "பின்னால உக்காந்திருக்கவ அவன் ஆத்தா. இந்தக் காசு எந்தப் பொம்பள கைக்குப் போகுதோ, அந்த வீட்டுல வந்து உக்காந்துருவாளாம். பச்சைக் கொப்போட வருவா. அதுக்குப் பயந்துதான் மகன் கன்னத்துல வெட்டி வச்சிருக்கான் எவனோ."

"மாமியாரா?" ஆனந்தவல்லியின் முகம் வெளுத்தது.

"மாமியாருக்கெல்லாம் மாமியா."

"அப்ப எனக்கு வேண்டாங்க. நாளைக்குக் காலையில எடுத்துத் தாரேன், நீங்களே வச்சுக்கிடுங்க. ஆம்பளைய ஒண்ணும் செய்ய மாட்டாள்ல?"

"எங்கிட்ட வாலாட்ட மாட்டா."

சொன்னபடியே கொடுத்தாள். காசு அவன் பீரோவுக்குள் போனது. சாவி அவன் அரைஞாணுக்குப் போனது. பழைய காசு வாங்குகிற மதுரை வியாபாரி சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டைத் திறந்தான். ஆனந்தவல்லி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் பில் போடுகிறவள், வர ஆறாகும். நடுவீட்டில் மர நாற்காலி பீரோவைப் பார்த்துக் கிடந்தது. அதன்மேல் ஒரு வேப்பங்கொப்பு.

போன் போட்டான். "ஏட்டி, நாற்காலிய நீயா திருப்பிப் போட்ட?"

"எந்த நாற்காலி?" கடையில் பில் கிழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கொப்பு எதுவும் கெடக்கா?"

வைத்துவிட்டான்.

புதன்கிழமை நாற்காலி பீரோவுக்கு இரண்டடி பக்கத்தில் இருந்தது. கொப்போடு, ஒட்டடைக்கம்பும் நாற்காலிக் கையில் நெட்டுக்குத்தலாகச் சாய்ந்து நின்றது. விஜயபாண்டி அரைஞாண் சாவியைப் பிடித்துக்கொண்டான். கொப்பைத்தானே பெண்டாட்டியிடம் சொன்னான்? கம்பைப் பற்றி அவன் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை கதவைத் தள்ளியவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். நாற்காலி பீரோவை ஒட்டிக் கிடந்தது. அதில் தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் பேண்டேஜ் துணி போர்த்தி யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தோள் தெரிந்தது. மடி தெரிந்தது. கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவில்லை. ஆனாலும் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் துணி மெல்ல உள்ளே போனது, வெளியே வந்தது. உள்ளே போனது, வெளியே வந்தது.

ஆறு மணிவரை தெருவில் நின்றான். ஆனந்தவல்லி வந்து தனியாக உள்ளே போனாள். கொஞ்சம் கழித்து எட்டிப் பார்த்தாள்.

"வெறும் நாற்காலிதான கெடக்கு. ஏன் இப்படி வேர்த்திருக்கு ஒங்களுக்கு?"

"காலையில மொத பஸ்ஸுக்குப் போயி குடுத்துருவோம்ட்டி."

"எம்புட்டு ஆசையா வச்சிருந்தீக."

"குடுத்துருவோம்" என்றான், கும்பிடாத குறையாக.

தாலுகா ஆபீஸில் கொஞ்சம் தெம்பு திரும்பியது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த வெங்கடேஸ்வரி என்ற கிளார்க்கிடம், "சட்டம்னு ஒண்ணு இருக்குல்லம்மா? அதான் நானே கொண்டாந்தேன்" என்று காசை நீட்டினான்.

"ஆனந்தவல்லி வீட்டுக்காரரா? மனு வந்திருக்கு சார்." ஒரு காகிதத்தை எடுத்தாள். தேதி திங்கட்கிழமை. சரிபார்க்க வாய்விட்டே படித்தாள். "முன்புறம் மாலை அணிந்த தலை, கன்னத்தில் வெட்டு. பின்புறம் நாற்காலியில் அமர்ந்த பெண், ஒரு கையில் இலைக்கொப்பு, மறுகையில் நீளக் கம்பு."

விஜயபாண்டி திரும்பிப் பார்த்தான். ஆனந்தவல்லி சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என் லென்ஸ எப்ப எடுத்த?"

"நீங்க குளிக்கப் போனப்ப."

"தோள், மடி எல்லாம் இருந்துச்சே?"

"தலகாணி."

"மூச்சு விட்டுச்சேட்டி."

அவள் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தாள். "அது நான் செய்யலையே" என்றாள்.

வெங்கடேஸ்வரி கடைசி வரிக்கு வந்திருந்தாள். "காசு தற்போது என் கணவர் வசம் உள்ளது. இந்த வாரத்துக்குள் அவரே நேரில் கொண்டுவந்து ஒப்படைப்பார். நடுங்கிக்கொண்டு வருவார், குடிக்கத் தண்ணீர் கொடுக்கவும்."

படித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.